பாட்டுக்குக் காது கொடுத்தவர்கள்

ஈழத்து இசையைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் புரட்டினால் வித்துவான்கள் பிறந்த ஊரும் பெற்ற பட்டமும் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். அவர்களுக்கு முன்னால் விடிய விடியக் குந்தியிருந்து கேட்ட சனத்தைப் பற்றி ஒரு பந்தி காண்பதும் அரிது. யாழ்ப்பாணத்திலும் அதைச் சுற்றிய தீவுகளிலும் இசை இத்தனை காலம் தழைத்ததில் பாதிப் பங்கு ரசிகருடையது என்பது என் துணிபு. எழுவைதீவில் இருந்து பார்ப்பவருக்கு இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஊர்காவற்றுறைத் துறையிலிருந்து வள்ளம் வந்தால்தான் அரிசியும் மருந்தும் வரும் ஊர் இது. பாட்டும் ஒரு காலத்தில் அப்படித்தான் வந்தது. கேட்க வேண்டுமென்றால் மெனக்கெட வேண்டும். மெனக்கெட்டவர்கள் ஒன்றாகக் கூடித்தான் கேட்டார்கள்.

கூடிக் கேட்பதற்கான முதல் இடம் கோயில் வீதி. தமிழ்நாட்டில் சபாக்கள் செய்த வேலையை யாழ்ப்பாணத்தில் திருவிழா உபயகாரர் செய்தார். கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்திருந்த புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு வணிகர்கள் தங்கள் உபயத்துக்கு ஊருக்கு வந்துவிடுவார்கள். சாத்துப்படியில் போட்டி, வாணத்தில் போட்டி, எல்லாவற்றுக்கும் மேலாக மேளத்தில் போட்டி. நேற்றைய திருவிழாக்காரர் இரண்டு கூட்டம் மேளம் பிடித்தால் இன்றையவர் நாலு பிடிப்பார். டி. என். ராஜரத்தினம் பிள்ளை போன்றவர்கள் கடல் கடந்து வந்து வாசித்த மண் இது. உள்ளூரில் அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரமும், தவிலில் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியும் இருந்தார்கள். 1933இல் பிறந்து 1975இல், நாற்பத்திரண்டு வயது நிறைவதற்குள் மறைந்த தெட்சணாமூர்த்தி தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெருவித்துவான்களே வியந்து கேட்ட கலைஞர். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு இந்தியத் தேசிய விருதும் கிடைத்தது.

அந்தப் போட்டி வாசிப்பை, அதாவது மேளச் சமாவை, சனம் கேட்ட விதத்தைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். சுவாமி வீதியில் ஒரு மூலைக்கு வந்து நிற்கும். நாதஸ்வரக்காரர் ஆலாபனையை இழுக்கத் தொடங்கினால் அதுவரை கச்சான் கொறித்துக்கொண்டிருந்தவர்களும் மெல்ல முன்னுக்கு நகர்வார்கள். தவிற்காரர் முகத்துக்கு நேரே, கை எட்டும் தூரத்தில், ஒரு வட்டம் இறுகும். வட்டத்தில் இருப்பவர்களில் பாதிப்பேர் சங்கீதம் படிக்காத தோட்டக்காரர், கடற்றொழிலாளர், சுருட்டுக்காரர். ஆனால் தொடையில் தாளம் பிசகாது. தனி தொடங்கி, நடை மாறி, தவில் எங்கெங்கோ சுற்றிவிட்டுச் சமத்தில் வந்து விழும் அந்த நொடியில் எல்லாக் கைகளும் ஒன்றாக விழும். தாளத்தை விட்டவன் அக்கம்பக்கத்தைப் பார்த்து மெல்ல எழுந்து போவான். இந்தக் காதுதான் வித்துவானை வளர்த்தது; ஏனோதானோவென்று வாசித்துவிட்டுப் போக யாராலும் முடியவில்லை. 1960இல் மருதனார்மடத்தில் தொடங்கிய இராமநாதன் இசைக் கல்லூரி பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து எத்தனையோ நல்ல பாடகரையும் வாத்தியக்காரரையும் தந்திருக்கிறது. அந்த வீதி தந்ததைப் போன்ற கேட்பவரை எந்தக் கல்லூரியாலும் தர முடியாது.

கடலோரக் கத்தோலிக்க ஊர்களில் இதே வேலையைக் கூத்து செய்தது. தீவுப்பகுதியில் மெலிஞ்சிமுனை அதற்குப் பேர்போனது. அங்கே பார்வையாளருக்கு அண்ணாவியாரின் மெட்டு அத்தனையும் மனப்பாடம். நடிகர் அடி மறந்தால் முன்வரிசை எடுத்துக் கொடுக்கும்.

பிறகு றேடியோ வந்தது. ஊர் வாசிகசாலையில் ஒன்று, வசதியானவர் வீட்டு விறாந்தையில் ஒன்று. இலங்கை வானொலி தமிழ்நாட்டையும் கட்டிப்போட்ட கதை எல்லோருக்கும் தெரியும். எஸ். பி. மயில்வாகனமும் கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் பாடகர்களுக்குச் சமமான ரசிகர் கூட்டம் கொண்ட அறிவிப்பாளர்கள். நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்து, பாட்டுக்கு முன்னால் வாசிக்கப்படும் பெயர் வரிசையில் தன் ஊர்ப் பெயர் வந்தால் துள்ளிக் குதித்த தலைமுறை ஒன்று இருந்தது. ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சி கேட்பவரையே பாடகராக்கிய பெரிய காரியம்.

1970களில் அந்த வானொலி நமக்கென்று மெல்லிசைப் பாட்டுகளை வளர்த்தது. எஸ். கே. பரராஜசிங்கம், எம். பி. கோணேஷ், முத்தழகு, கலாவதி குரல்களும் சில்லையூர் செல்வராசன், ஈழத்து இரத்தினம் வரிகளும் அந்தக் காலத்தின் சொத்து. இன்னொரு பக்கம் பொப். உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ இரண்டுக்கும் பைலாவின் துள்ளல். ‘சின்ன மாமியே’யின் பேச்சோ சுத்தமான நம் வீட்டுப் பேச்சு. மேடைக்கென்று கோஷ்டிகள் கிளம்பியதும் இந்தக் காலத்தை ஒட்டித்தான். கண்ணன் கோஷ்டி வருகிறதென்றால் அடுத்த ஊரிலிருந்து மாட்டுவண்டியில் சனம் வரும். மெல்லிசையைவிட பொப்பே அதிக நாள் நிலைத்தது என்பதை மறுக்க முடியாது. கலியாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து பாட முடிந்த பாட்டு அது. மெல்லிசையைத் தனியாக இருந்து கேட்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவதுதான் நம் ரசிகரின் பெருமைக்குச் சிகரம். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்றானது. அதே காலத்தில் போர் தீவுப்பகுதிக்குள் வந்தது. தீவார் பெருந்தொகையாகக் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தார்கள். கொண்டுபோன மூட்டை முடிச்சுக்குள் கசெற்றுகளும் இருந்தன. மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. பாட்டை விட மனமும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவின் தலையைப் பின்சில்லு ரயரோடு அணைத்து, அதிலிருந்து இரண்டு வயரை இழுத்து ரேப் ரெக்கோடரில் பொருத்திவிட்டு ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். சுற்றும் கை ஓய்ந்தால் இளையராஜாவின் பாட்டு சுருதி இறங்கி இழுபடும். “சுத்தடா!” என்று நாலு பக்கமும் சத்தம் வரும். கை சோர்ந்தவர் எழும்ப அடுத்தவர் இருப்பார். ஒரு பல்லவி உங்களுடையது, சரணம் என்னுடையது என்று முறை. உலகத்தில் எத்தனையோ பெரிய இசைக்குழுக்களின் ரசிகர்கள் இரவு முழுக்க வரிசையில் நின்று அனுமதிச் சீட்டு வாங்கியிருக்கிறார்கள். பாட்டின் ஒவ்வொரு விநாடிக்கும் தோள் வலித்த ரசிகர் கூட்டம் எனக்குத் தெரிந்து இதுதான்.

அந்தக் காலத்து மேடைகளில் எஸ். ஜி. சாந்தனின் குரல் தனி. கோயில் திடலில் பக்திப் பாட்டும் பாடுவார், போர்க்காலப் பாட்டும் பாடுவார். 2017இல் அவர் மறைந்தபோது அரசியலில் எதிரும் புதிருமாக நின்றவர்களும் அழுதார்கள்.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். எழுவைதீவில் காற்றாடியும் சூரியத் தகடும் டீசல் இயந்திரமும் சேர்ந்து மின்சாரம் தருகின்றன. கைபேசியில் எந்த ஆல்பமும் வெளியான அன்றே கிடைக்கிறது. புலம்பெயர்ந்த பிள்ளைகள் போடும் பாட்டுகள் எனக்குப் பெரும் உற்சாகம் தருபவை. மாயா அருள்பிரகாசம் தகப்பனின் இயக்கப் பெயரையே தலைப்பாக்கி 2005இல் ‘அருளர்’ ஆல்பத்தைத் தந்தார். 2007இன் ‘கலா’வில் சென்னை உறுமியை உலக நடன மேடைக்கு ஏற்றினார். சுவிற்சர்லாந்தில் பிறந்து வளர்ந்த பிரியா ராகு தன் அண்ணனோடு சேர்ந்து 2023இல் ‘சந்தோசம்’ என்று நம் சொல்லையே ஆல்பத்துக்குப் பெயராக வைத்தார். ரொறன்ரோவில் இருக்கும் ஷான் வின்சென்ட் டி போல் 2021இல் ‘மேட் இன் ஜஃப்னா’ வெளியிட்டார். யான்சனின் மிருதங்கத்தோடு அவர் செய்த ராப் பாட்டுகளைச் சமா கேட்டு வளர்ந்த பெரியவர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். ஆங்கில வரிகள் அவருக்கு விளங்கவில்லை. கண்ணை மூடித் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தவர், முடிந்ததும், “பெடியன் தாளத்தை விடேல்லை, தம்பி. திரும்பப் போடு” என்றார். மாயாவின் ஆல்பங்களில் துணிச்சல் பெரிது. ஆனால் அந்த வீதியின் காதுக்குச் சொந்தமாகப் படுவது ஷானும் யான்சனும் செய்ததுதான்.

குறை எங்கே என்றால், இவற்றையெல்லாம் அவரவர் காதில் வயரைச் செருகிக்கொண்டு தனித்தனியே கேட்கிறோம். யாழ்ப்பாணத்துப் பெடியள் வருடந்தோறும் எத்தனையோ நல்ல பாட்டுகளைச் சொந்தக் காசில் ஒலிப்பதிவு செய்கிறார்கள். வெளியான வாரத்தில் பகிர்கிறோம், பாராட்டுகிறோம், அடுத்த வாரம் வேறொன்று. அந்தப் பாட்டில் பறை எந்த இடத்தில் நுழைகிறது, இரண்டாம் சரணத்தில் மெட்டு ஏன் தளர்கிறது என்று வாதாட ஒரு வாசிகசாலை விறாந்தை இல்லை. பாடுகிறவருக்கும் நாலு பேர் முகம் பார்த்துத் திருத்திக்கொள்ள வழியில்லை.

கூடிக் கேட்கும் ஆசை செத்துவிட்டதா என்றால் இல்லை. 2023 ஒக்ரோபரில் சந்தோஷ் நாராயணன் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ‘யாழ் கானம்’ நடத்தியபோது அந்தத் திடல் கொள்ளவில்லை. 2024 பெப்ரவரியில் அதே இடத்தில் ஹரிஹரன் பாடிய இரவில் சனம் தடுப்புகளை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து நிகழ்ச்சியே நின்று நின்று நடந்தது. அந்த இரவைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்குப் பண்பில்லை என்று எழுதியவர்கள் உண்டு. நான் உடன்படமாட்டேன். பத்தாயிரக்கணக்கில் வரக்கூடிய சனத்துக்கு வருடத்தில் ஒன்றோ இரண்டோ பெரிய மேடை என்றால் நெரியத்தான் செய்யும். 2011இல் நடந்த யாழ்ப்பாண இசை விழாவில் கூத்தும் பறையும் வெளிநாட்டு இசைக்குழுக்களும் அடுத்தடுத்து மேடையேறின. சிறுவர் முதல் கிழவர் வரை புல்லில் இருந்து நிதானமாகக் கேட்டார்கள். அதே சனம்தான். மேடைகள் கூடினால் நெருக்கம் குறையும்.

தீவாருக்கு இன்னொரு இடர் உண்டு. முற்றவெளிக் கச்சேரி முடிய நடுச்சாமம் ஆகும். எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் வள்ளம் பொழுதுபடுவதோடு சரி. பட்டணத்தில் இனசனம் இருப்பவர் தங்குவார், மற்றவர் கைபேசியில் பார்ப்பார். முற்றவெளிக்கு வரும் கலைஞர்களில் ஒருவரையாவது மறுநாள் ஊர்காவற்றுறைக்குக் கூட்டிவர முடியாதா? பெரிய ஒளி, பெரிய திரை ஒன்றும் வேண்டாம். பின்னேரம் 2 மணிக்கு, மரநிழலில், உள்ளூர்ப் பெடியளின் புதிய பாட்டு நாலைந்தோடு ஒரு மேளக் கூட்டத்தையும் சேர்த்து வைத்தால் போதும். 4.30க்கு முடித்தால் கடைசி வள்ளத்தைப் பிடித்துவிடலாம்.