எழவு வீட்டில் ரசீது கேட்டால்

திருச்செங்கோட்டுப் பக்கம் எழவு விழுந்தால் பங்காளி ஒருத்தர் செலவைக் கையில் எடுத்துக்கொள்வார். ஐஸ் பெட்டி, வண்டி, பந்தல், கொட்டு, சுடுகாடு எல்லாம் அவர் சட்டைப்பையிலிருந்தே போகும். பேரம் பேசினால் "பொணத்துக்குக் கணக்குப் பாக்கறயா?" என்று ஒரு சொல் வந்துவிடும். அதற்குப் பயந்தே கேட்ட காசு கைமாறுகிறது. கருமாதி முடிந்து கணக்குப் பார்த்தால் ஒரு துண்டுச்சீட்டும் இருக்காது.

"இதுக்கு வரி கிடையாதுங்க, அதான் பில் இல்லை" என்பார்கள். முதல் பாதி உண்மை. 2017 ஜிஎஸ்டி சட்டத்தின் மூன்றாம் அட்டவணை அடக்கம், தகனம், பிணவறை, சவ ஊர்தி ஆகியவற்றை வரிக்கு வெளியே வைத்திருக்கிறது. அடுத்த பாதி தப்பு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், காசு வாங்கிக்கொண்டு ரசீது தராததே முறையற்ற வணிக நடைமுறைதான். (இலவசச் சேவைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அது வேறு சிக்கல்.) அமெரிக்காவில் 1984 முதல், போனில் கேட்டாலும் விலை சொல்லியாக வேண்டும் என்று விதி இருக்கிறது. நம்மூர் ஐஸ் பெட்டி மேல் செல் நம்பர்தான் பெரிசாக எழுதியிருக்கும்.

இத்தனைக்கும் பேரமே நடப்பதில்லை என்று சொல்ல முடியாது. குழி வெட்டுகிறவர் நூறு இருநூறு கூடக் கேட்டால் சுடுகாட்டிலேயே சத்தம் போடுகிறோம். பெட்டிக்காரரிடம், வண்டிக்காரரிடம் மட்டும் வாய் திறப்பதில்லை.