பல கைகள் கேட்கும் சமையல்

100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. வட இத்தாலியின் எமிலியா-ரொமாஞா வட்டாரத்தில் பாஸ்தாவுக்குக் கணக்கு அவ்வளவுதான். மைதாவைப் போல நைசாக அரைத்த கோதுமை மாவை மரப்பலகையில் குவித்து, நடுவில் குழி செய்து, முட்டையை உடைத்து ஊற்றி, முள்கரண்டியால் சுற்றியுள்ள மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்கிறார்கள். அவசரப்பட்டால் கரை உடைந்து முட்டை பலகையெங்கும் ஓடும். பண்ணை வீடொன்றில் சில நாள் கூட்டமாகத் தங்கிச் சமையல் கற்க வருபவர்களுக்கு முதல் பாடம் பெரும்பாலும் இந்தப் பொறுமைதான்.

பிசைந்த மாவை அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். அதற்குள் அதன் இழுவை தளரும். தளராத மாவு தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். பிறகு மத்தரெல்லோ என்ற தேய்க்கும் கட்டை வருகிறது. நம் சப்பாத்திக் கட்டை ஒரு முழம்கூட இராது. இது ஏறக்குறைய ஒரு மீட்டர். பழகிய பெண்மணி மாவுத் தாளின் விளிம்பைக் கட்டையில் சுற்றி, உள்ளங்கைகளை நடுவிலிருந்து ஓரங்களுக்கு நகர்த்தியபடியே உருட்டி, சட்டென்று விரிக்கிறார். சற்றே திருப்பி, மறுபடியும் அதே. தாள் பெரிதானதும் அதன் ஒரு பக்கத்தைப் பலகையின் விளிம்புக்குக் கீழே தொங்க விடுகிறார்; தன் எடையே அதைப் பிடித்துக்கொள்ள, மறுபக்கம் நீள்கிறது. தூக்கிப் பிடித்தால் அதன் வழியே சான் லூக்கா குன்றுக் கோயில் தெரிய வேண்டும் என்பார்கள் இவ்வட்டாரத்துப் போலோஞா நகரத்தார்.

நான் மிகவும் மெச்சுவது தாளின் மெல்லிய தன்மையைவிட அதன் சொரசொரப்பை. மரக்கட்டைக்கும் மரப்பலகைக்கும் நடுவே அழுந்திய தாளில் மரத்தின் நுண்ணிய தடம் பதிந்துவிடுகிறது. நெடுநேரம் கொதித்த இறைச்சிக் குழம்பான ராகூ அந்தத் தடத்தைப் பற்றிக்கொள்ளும். எஃகு உருளைகளுக்கிடையே தள்ளிய தாளோ வழவழவென்று இருக்கும். ராகூ நழுவித் தட்டின் அடியில் தங்கும். நாக்கு இந்த வேறுபாட்டை முதல் வாயிலேயே சொல்லிவிடும்.

தாளைச் சுருட்டிக் கத்தியால் நறுக்கினால் தல்யத்தெல்லே என்ற நாடா பாஸ்தா. இதன் அகலத்துக்கும் ஒரு பதிவு உண்டு: 1972 ஏப்ரல் 16 அன்று போலோஞா வணிகச் சபையில் பதிந்தபடி, வெந்த நாடா 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நகரத்து அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு அது. ஒரு நாடாவை ஊரின் கோபுரத்தோடு சேர்த்து அளந்த அந்தப் பெருமிதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் கூட்டமாகப் போவதன் அருமை பூரணம் வைத்த தொர்தெல்லீனி செய்யும்போதுதான் விளங்கும். மாவுத் தாள் காற்றுப் பட்டதும் காயத் தொடங்கும். காய்ந்த விளிம்பு ஒட்டாது. அதனால் ஒருவர் தேய்க்க, ஒருவர் சிறு சதுரங்களாக வெட்ட, ஒருவர் பன்றி இறைச்சியும் பார்மிஜானோ பாலாடைக்கட்டியும் ஜாதிக்காயும் கலந்த பூரணத்தைப் பொட்டுப் பொட்டாக வைக்க, மற்றவர்கள் விரைந்து முக்கோணமாக மடித்து, விரல் நுனியைச் சுற்றி வளைத்து, இரு முனைகளையும் அழுத்துகிறார்கள். ஆள் குறைந்தால் தாள் காயும். கிறிஸ்துமஸை ஒட்டி வீட்டுப் பெண்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து செய்துவந்த வேலை இது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள் அந்த மேசையில் பேச்சுக்கு முன்பே ஒருவர் கைவேகத்துக்கு இன்னொருவர் பழகிவிடுகிறார்கள்.

இந்த மண்ணின் சமையல் நூலே பலர் கைபட்டு வளர்ந்ததுதான். ஃபோர்லிம்போபோலியில் பிறந்த பெல்லெக்ரீனோ அர்த்தூசி 1891-இல் தம் சொந்தச் செலவில் அச்சிட்டபோது அதில் 475 குறிப்புகள் இருந்தன. வாசகர்கள், பெரும்பாலும் இல்லத்தரசிகள், கடிதம் எழுதினார்கள். நூல் 790 குறிப்புகள் வரை பெருத்தது. அவர் ஊரில் இன்று காசா அர்த்தூசி என்ற இல்லம் இருக்கிறது. அங்கே உள்ளூர்ப் பெண்கள் மாவு தேய்க்கக் கற்றுத் தருகிறார்கள். அவர்களுக்கு மரியெத்தே என்று பெயர். அர்த்தூசியின் வீட்டில் சமைத்த மரியெத்தாவின் நினைவாக வந்தது.

போக நினைப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முன்பதிவு செய்யும் முன் அறையின் சன்னலிலிருந்து என்ன தெரியும் என்று விசாரிக்காவிட்டாலும் பரவாயில்லை. மாவைக் கட்டையால் தேய்ப்பார்களா, இயந்திரத்தில் விடுவார்களா என்று கேளுங்கள். கட்டை என்று சொல்லும் வீட்டுக்கே போங்கள்.