மணிக்கு ‘அட்’, நாளுக்கு ‘ஆன்’

ஆவணி முகூர்த்த நாளில் திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் ஒரே காலையில் எத்தனையோ திருமணங்கள் நடக்கும். அவற்றின் பத்திரிகை ஒன்றில் உள்ள நாளையும் நேரத்தையும் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் போதும், காலம் காட்டும் முன்னிடைச் சொற்களை நம் பள்ளிகள் கற்பிக்கும் முறையின் தரம் தெரிந்துவிடும்.

மணிக்கு ‘அட்’, நாளுக்கு ‘ஆன்’, மாதத்துக்கும் ஆண்டுக்கும் ‘இன்’. இந்தச் சூத்திரத்தை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். தேர்வுக்கு முன் அந்தக் கோயிலருகே உள்ள ஔஷதகிரிக் குன்றில் ஏறி, கல்விக் கடவுளான ஹயக்ரீவரை வணங்கும் பிள்ளைகளில், வீட்டில் ஆங்கிலம் கேட்டே வளராதவர்கள் பலர். அவர்களுக்கு அது முதல் பிடி. ஒரே வகுப்பில் நிலைத்தும்விடுகிறது.

ஆனால் காலத்தின் அளவுதான் சொல்லைத் தீர்மானிக்கிறது என்ற தவறான எண்ணத்தையும் அது விதைக்கிறது. பத்து நிமிடம் சிறியதுதான். ‘இன் டென் மினிட்ஸ்’ என்றே சொல்கிறோம். காலைக்கு ‘இன்’, அதே காலை ஞாயிற்றுக்கிழமையோடு சேர்ந்தால் ‘ஆன்’. இரவுக்கோ ‘அட் நைட்’. அளவைவிட, ஒரு புள்ளியாகப் பார்க்கிறோமா, குறிப்பிட்ட நாளில் பொருத்துகிறோமா, ஒரு நீட்சிக்குள் வைக்கிறோமா என்பதே முக்கியம். இரவு மட்டும் வழக்கால் வந்தது. அதை அப்படியே பழக வேண்டியதுதான்.

இதைவிடப் பெரிய குறை, ‘தமிழில் யோசிக்காதே’ என்ற அறிவுரை. ‘ஐந்து மணிக்குள் பணம் கட்டு’, ‘ஐந்து மணி வரை காத்திரு’: ‘பை’, ‘அண்டில்’ இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதில் அப்படியே இருக்கிறது. ‘2019இலிருந்து’ என்பது ‘சின்ஸ்’. ‘மூன்று ஆண்டுகளாக’ என்பது ‘ஃபார்’. இந்த இணையைக் காட்டியிருந்தால் ‘சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்று இத்தனை பேர் எழுதமாட்டார்கள். தமிழ் இடறும் இடங்களும் உண்டு. ‘இரவில்’ என்பதால் ‘இன் நைட்’ வருகிறது. பத்திரிகையின் ‘6 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘பிட்வீன்’ கிடைக்காது. அத்தகைய இடங்களை வகுப்பில் தமிழிலேயே பேசித் தெளிவாக்கலாம். தமிழைத் தடுத்தால் பிழை எங்கிருந்து வந்தது என்பதே பிள்ளைக்குத் தெரியாமல் போகும்.

கோடிட்ட இடத்தை நிரப்பும் வினா இதையெல்லாம் சோதிப்பதில்லை. ‘நெக்ஸ்ட் சண்டே’க்கு முன் எந்தச் சொல்லும் வேண்டாம் என்று முடிவெடுக்கும் வாய்ப்பும் அதில் இல்லை. ஒரு முழுப் பத்திரிகையை எழுதச் சொல்லும் வினாவில் அந்த முடிவை மாணவரே எடுத்தாக வேண்டும்.