பேரேட்டில் ஏறாத கடன்

'கேரள மாதிரி' என்று பேச்செடுத்தாலே அறிஞர்கள் 1975-ல் வந்த ஓர் ஆய்வைக் காட்டுவார்கள். திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம் ஐ.நா. சபைக்காகச் செய்தது. தலைவீத வருமானம் குறைவாக இருந்தும் எழுத்தறிவிலும் ஆயுளிலும் கேரளம் முந்தியது என்பது அதன் சாரம். உண்மைதான். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் ரேஷன் கடையும் செய்த வேலை அது. 1970-ல் அமலுக்கு வந்த நிலச் சீர்திருத்தம் குத்தகைக்காரர்களையும் உடைமைக்காரர்களாக்கியது.

ஆனால் மொத்தக் கணக்கு நேரானால் போதுமா? ஆள்வாரியாகப் பற்று வரவு பார்க்க வேண்டாமா? அதே 1975-ல்தான், ஆதிவாசிகளிடமிருந்து கைமாறிய நிலத்தைத் திருப்பித் தரக் கேரளச் சட்டசபை சட்டம் செய்தது. அதற்கு விதிமுறைகள் வந்ததோ 1986-ல். 1999-ல் வேறு சட்டம் வந்தது: இரண்டு ஹெக்டேர் வரையிலான விவசாய நிலம் வாங்கியவரிடமே இருக்கட்டும், ஆதிவாசிக்கு மாற்று நிலம் தரலாம் என்றது. 2001-ல் ஆதிவாசிகள் தலைநகரில் குடில் கட்டிப் போராடினார்கள். 2003-ல் வயநாட்டு முத்தங்காவில் துப்பாக்கிச் சூடு நடந்தது.

காரணம் என்ன? குடியேறிய விவசாயிக்கு ஓட்டு பலம் உண்டு. ஆதிவாசிகளோ ஜனத்தொகையில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. இரண்டு அணிகளும் மாறி மாறி ஆண்டும் கடன் தீரவில்லை. சராசரி என்பது கடைசி ஆளை மறைக்கும் திரை. வளர்ச்சியை அந்தக் கடைசி ஆளிடமிருந்து எண்ணத் தொடங்குவதே நேர்மையான கணக்கு.