ஏறிய பிறகு எதற்குக் காவல்?

2024 அக்டோபர் 15 அன்று மதுரையிலிருந்து சிங்கப்பூர் போய்க்கொண்டிருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் குண்டு இருப்பதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. சிங்கப்பூர் விமானப்படையின் இரண்டு எஃப்-15 விமானங்கள் கிளம்பி, அதைக் குடியிருப்புகளுக்கு மேலே வரவிடாமல் விலக்கிக் கூட்டிப்போய்ச் சாங்கி விமான நிலையத்தில் இறக்கின. குண்டு இல்லை. தேனி மாவட்டத்து வருசநாட்டுக்காரர்களான எங்களுக்கு விமான நிலையம் என்றால் மதுரைதான். பிள்ளையைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டு இங்கே இருப்பவர்களுக்கு அது தூங்காத இரவு. அந்த வாரம் நாடெங்கும் இப்படிப் புரளிகள் குவிந்தன. கையோடு, விமானங்களில் சாதாரண உடையில் பயணிக்கும் ஸ்கை மார்ஷல்களைக் கூட்டுகிறார்கள் என்ற செய்தியும் வந்தது. அதைப் பாராட்டியவர்கள் பலர். என்னால் முடியவில்லை.

மார்ஷலால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். 1970 செப்டம்பரில் இஸ்ரேலின் எல் ஆல் விமானத்தைப் பாலஸ்தீனப் போராளி லைலா காலித் கடத்த முயன்றபோது, விமானியின் சாமர்த்தியத்தோடு உள்ளிருந்த காவலரின் துப்பாக்கியும் சேர்ந்துதான் அதை முறியடித்தது. எந்த விமானத்தில் காவலர் இருக்கிறார் என்று தெரியாததே கடத்தல்காரனை யோசிக்க வைக்கும். மார்ஷல்களாகப் போகும் நம் தேசியப் பாதுகாப்புப் படை (என்.எஸ்.ஜி.) வீரர்களின் திறமையிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் மார்ஷலின் வேலை எப்போது தொடங்குகிறது? ஆயுதம் உள்ளே வந்த பிறகு. கீழே எல்லாரும் கோட்டைவிட்ட பிறகு. என் ஆட்சேபம் முழுக்க இதுதான். இந்தியாவில் மார்ஷல்களைக் கொண்டுவரக் காரணமான காந்தஹார் கடத்தலையே பாருங்கள். 1999 டிசம்பர் 24 அன்று ஐந்து பேர் துப்பாக்கி, கையெறிகுண்டு, கத்தியோடு காத்மாண்டுவில், டெல்லிக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தில் ஏறினார்கள். தோற்றது அந்த நிலையத்துச் சோதனை. பிறகு விமானம் அமிர்தசரஸில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் நின்றது. அங்கே தோற்றது டெல்லியின் முடிவெடுக்கும் திறன். அந்த ஐவருக்கு நடுவே, ஏறத்தாழ 190 பேர் இருந்த விமானத்தில், ஓரிரு காவலர்கள் எந்தப் பக்கம் சுட்டிருப்பார்கள்?

சுட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கதை உண்டு. 1985 நவம்பரில் எகிப்து ஏர் விமானத்தில் காவலர் ஒரு கடத்தல்காரரைக் கொன்றார். அந்தச் சண்டையில் குண்டு பாய்ந்து விமானத்தின் உடல் துளைபட்டது, காற்றழுத்தம் இறங்கியது, விமானம் மால்டாவில் இறங்க வேண்டியதாயிற்று. அங்கே கமாண்டோக்கள் புகுந்ததோடு முடிந்த அந்தக் கடத்தலில் ஏறத்தாழ 60 உயிர்கள் போயின. 2005 டிசம்பரில் மியாமியில் அமெரிக்க மார்ஷல்கள் சுட்டுக்கொன்றது ஒரு மனநோயாளியை. அவரிடம் குண்டு இல்லை.

நம்மவர்கள் இழந்த உயிர்கள் எந்த வழியாகப் போயின? 1984 ஆகஸ்ட் 2 அன்று சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் 30 பேருக்கு மேல் இறந்தது கொழும்புக்குப் போகவேண்டிய பெட்டிகளில் இருந்த குண்டால். மறு ஆண்டு ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் 329 பேர் இறந்தது, உடைமையாளர் ஏறாமல் பெட்டி மட்டும் ஏறியதால். மேலே இருக்கையில் எத்தனை மார்ஷல் உட்கார்ந்திருந்தாலும் அடியில் இருக்கும் பெட்டியை அவர்களால் என்ன செய்ய முடியும்? மின்னஞ்சலில் வரும் புரளியை எப்படிச் சுடுவது? 2001-க்குப் பின் விமானி அறைக் கதவைப் பலப்படுத்தியது எந்தக் காவலரையும்விடப் பெரிய காரியம். அதே ஆண்டு டிசம்பரில் காலணிக்குள் குண்டு வைத்திருந்தவனை மடக்கியதும் பணிப்பெண்களும் பயணிகளும்தான்.

வருசநாட்டிலிருந்து போகும் ஒரு பெட்டியைத் திறந்து பாருங்கள். தேன் போத்தல், பருப்புப்பொடி, ஊறுகாய், எல்லாம் செய்தித்தாளில் சுற்றி டேப் ஒட்டியிருக்கும். எக்ஸ்ரே திரையில் அது ஆரஞ்சு நிறத் திட்டாகத் தெரியும். வெடிமருந்துகள் பலவும் அதே ஆரஞ்சில்தான் தெரியும். இரண்டையும் சில நொடிகளில் பிரித்தறிய வேண்டியவர், வரிசை நீள நீளக் கண் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறார். கூடுதலாக ஆள் போடப் பணம் இருந்தால் முதலில் அவர் பக்கத்தில் இரண்டாவது ஆளைப் போடுங்கள், அவருக்கு அடிக்கடி ஓய்வு கொடுங்கள், சரக்குக் கூடத்துக்கு மோப்ப நாய் வாங்குங்கள். மதுரை போன்ற நிலையங்களில் அதைச் செய்து முடிக்கும்வரை, மேலே இன்னொரு இருக்கையில் கமாண்டோவை உட்காரவைக்கும் செலவை என்னால் ஏற்க முடியாது.