மீன் பட்டியலும் நீமோவின் கோபமும்

பாட்டி முதல் பத்து வயதுப் பேரன் வரை ஒரே நாவலைப் படித்துவிட்டு, வாரம் ஒருநாள் கூடி உட்கார்ந்து பேசுவதுதான் குடும்ப வாசிப்பு வட்டம். இதற்கு ஜூல் வெர்னின் ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ நாவலைப் போலப் பொருத்தமான நூல் கிடைப்பது அரிது. அது பிறந்ததே குடும்ப வாசிப்புக்காகத்தான். பாரிஸ் பதிப்பாளர் எட்ஸெல், கல்வியையும் பொழுதுபோக்கையும் சேர்த்து வீட்டுக்குள் கொண்டுபோக நடத்திய இதழில், 1869 மார்ச் முதல் 1870 ஜூன் வரை தொடராக வந்தது.

சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. மொத்தம் 47 அத்தியாயங்கள். பேராசிரியர் அரோனாக்ஸின் உதவியாளர் கான்செய், எதிர்ப்படும் மீனையெல்லாம் இனம், குடும்பம், வரிசை என்று அடுக்கிக்கொண்டே போவார். தவணை முறையில் படித்த அன்றைய வாசகருக்கு அது விருந்து. மொத்தப் புத்தகத்தையும் கையில் வைத்திருக்கும் இன்றைய பிள்ளைக்குப் பாடப்புத்தகம். ‘ஒரு வரி விடக்கூடாது’ என்று அப்பா பிடிவாதம் பிடித்தால் மூன்றாவது வாரமே வட்டம் கலைந்துவிடும். மீன்களைத் தாராளமாகத் தாண்டலாம்.

கதையில் வரும் நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர் நீமோவைத் தாண்டக்கூடாது. மன்னார் வளைகுடா முத்துச்சலாபத்தில், காலில் கல்லோடு மூழ்கி எழும் ஓர் ஏழை இந்தியர் மீது சுறா பாய்கிறது. மனித குலத்தையே வெறுப்பதாகச் சொல்லும் நீமோ, கத்தியோடு குறுக்கே புகுந்து அவரைக் காப்பாற்றி, ஒரு பை நிறைய முத்தும் கொடுக்கிறார். அந்த இந்தியர் ஒடுக்கப்பட்ட நாட்டின் குடிமகன், தானும் அந்தப் பக்கம்தான் என்கிறார். இந்த இடத்தில் நீமோ பிள்ளைகளின் நாயகனாகிவிடுவார். அதே நீமோ பின்னால் ஒரு போர்க்கப்பலை ஆட்களோடு மூழ்கடித்துவிட்டு, ஒரு பெண்ணும் இரு குழந்தைகளும் உள்ள படத்தின் முன் மண்டியிட்டு அழுகிறார். தனியாகப் படிப்பவர் பக்கத்தைப் புரட்டிவிடலாம்; கூடிப் படிக்கும் வீட்டில் ‘இது கொலையா, இல்லையா’ என்ற சண்டை வராமல் போகாது. இந்த ஒரு மாலைக்காகவே வட்டம் நடத்தலாம்.

ஆனால் பல வீடுகளில் கையில் இருப்பது சுருக்கப் பதிப்பு. இது பழைய நோய். 1870களில் லண்டனில் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பே கணிசமான பகுதியைக் கத்தரித்தது. மீன்களோடு நீமோவின் அரசியலும் போயிற்று. அதற்கு முன்பே எட்ஸெல் கைவைத்திருந்தார். வெர்ன் முதலில் நினைத்த நீமோ, ரஷ்யாவிடம் குடும்பத்தைப் பறிகொடுத்த போலந்துக்காரர். ரஷ்ய வாசகர்களை இழக்கப் பதிப்பாளருக்கு மனமில்லை. நாவலில் நீமோ நாடற்றவராகவே நின்றுவிட்டார். பெரியவர்கள் பார்த்துப் பார்த்து வடிகட்டுவதுதான் குடும்ப வாசிப்பின் ஆகப்பெரிய குறை என்றால், இந்த நாவல் அச்சேறும் முன்பே அதற்கு ஆளானது.

‘அவருக்கு ஏன் இவ்வளவு கோபம்?’ என்று கேட்கும் பிள்ளைக்கு அடுத்து வெர்னின் ‘மர்மத் தீவு’ நாவலைக் கொடுக்கலாம். அங்கே நீமோ 1857 கிளர்ச்சியில் போரிட்ட இளவரசர் தக்கார்; திப்பு சுல்தானின் உறவினர். இரண்டு நாவல்களின் ஆண்டுக் கணக்கும் ஒத்துப்போகாது. அதை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும்.