ஓர் ஊரின் நிகழ்காலமும் ஒரு நாட்டின் வரலாறும்: பிரெண்டா பெக்கின் கொங்கு ஆய்வை வரலாற்று மாணவர் வாசிக்கும் முறை

ஆய்வுச் சுருக்கம்

பிரெண்டா பெக் 1972இல் வெளியிட்ட கொங்குக் குடியானவர் சமூகம் பற்றிய ஆங்கில நூல், கொங்கு வட்டார ஆய்வுகளில் முன்னோடியாகக் கருதப்படுவது. 1964 முதல் 1966 வரை ஓர் ஊரில் திரட்டப்பட்ட மானிடவியல் தரவுகளை முற்கால வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்வதில் உள்ள இடரை, வலங்கை–இடங்கைப் பாகுபாட்டை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. நூலின் தகுதியும் அதன் எல்லையும் ஒருங்கே சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கொங்கு நாடு, வலங்கை, இடங்கை, கள ஆய்வு, கல்வெட்டு, ஆய்வு முறையியல்

முன்னுரை

கொங்கு நாட்டைப் பற்றி ஆய்வு மேற்கொள்ளும் வரலாற்றுத் துறை மாணவர், முன்னாய்வு மதிப்பீட்டு இயலில் தவறாமல் குறிப்பிடும் நூல்களுள் பெக்கின் நூலும் ஒன்று. ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் அவர் மேற்கொண்ட முனைவர் பட்ட ஆய்வின் அடிப்படையில் அது உருவானது. எனவே அது ஆய்வு மாணவர் ஒருவர் ஆய்வு மாணவர்களுக்கு விட்டுச்சென்ற முன்மாதிரியும் ஆகும். ஆயினும் அதனைப் பாராட்டி எடுத்தாளும் அளவுக்கு வினவி வாசிக்கிறோமா என்பது ஐயத்திற்குரியது.

இவ்வினா கட்டுரையாளரின் சொந்த அனுபவத்தில் எழுந்ததே. ஆய்வேட்டின் முதல் வரைவில், 18ஆம் நூற்றாண்டின் ஊர் அமைப்பை விளக்கிய பத்தி ஒன்றுக்கு இந்நூலே ஒரே சான்றாக நின்றது. நெறியாளர் அப்பத்தியின் ஓரத்தில் ‘எந்த ஆண்டு?’ என்று மட்டும் எழுதித் திருப்பியளித்தார். அவ்வினாவுக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

நூலின் கட்டமைப்பும் தகுதியும்

காங்கயத்திற்கும் வெள்ளகோவிலுக்கும் இடைப்பட்ட ஓலப்பாளையமே பெக்கின் களம். நூல் கொங்கு நாடு என்னும் பெரும்பரப்பில் தொடங்கிக் காங்கய நாடு, கன்னபுரம் கிராமம், ஓலப்பாளையம் ஊர், குடும்பம் எனப் படிப்படியாக இறங்குகிறது. ஒவ்வொரு படிநிலையிலும் கோயில், திருவிழா, சடங்கு, உணவுப் பரிமாற்றம் ஆகியவற்றின் வழி சாதிகளின் உறவு விளக்கப்படுகிறது. நாடு, கிராமம், ஊர் என்னும் மக்களின் சொற்களையே பகுப்பாய்வுக் கருவிகளாக அவர் கொண்டமை பாராட்டத்தக்கது.

நூலின் மையக் கருத்து வருமாறு: நிலவுடைமையாளரான கவுண்டரும் அவரைச் சார்ந்து தொழில் செய்வோரும் வலங்கைப் பிரிவினர், ஆசாரி, செட்டியார், கைக்கோளர் முதலியோர் இடங்கைப் பிரிவினர். முன்னவர் நிலத்தையும் வட்டாரத்தையும் சார்ந்து மதிப்புப் பெற்றனர். பின்னவர் சாத்திர ஆசாரத்தைப் பின்பற்றி மதிப்பைத் தேடினர். பிராமணரும் கணக்குப்பிள்ளையும் இரண்டிற்கும் அப்பாற்பட்டவர். ஒடுக்கப்பட்டோருள் பறையர் வலங்கையிலும் மாதாரியர் இடங்கையிலும் வைத்து எண்ணப்பட்டதை அவர் சுட்டுவது, தீண்டாமைக்கு உள்ளானோரை ஒரே தொகுதியாகக் கருதும் போக்குக்கு நல்ல மறுப்பாகும்.

கல்வெட்டுகள் காட்டும் வேறுபாடு

இக்கருத்து 1960களின் ஓலப்பாளையத்திற்குப் பொருந்தலாம். அதனை முற்காலத்திற்கு நீட்டிக்கும்போதே சிக்கல் எழுகிறது. இரு கல்வெட்டுச் சான்றுகள் இதனைத் தெளிவுபடுத்தும்.

முதலாவது, 1429ஆம் ஆண்டையொட்டி விசயநகர ஆட்சிக்காலத்தில் பொறிக்கப்பட்ட தீர்மானங்கள். கொருக்கை, ஆடுதுறை முதலிய இடங்களில் கிடைத்த இவற்றை நொபொரு கராசிமா விரிவாக ஆராய்ந்துள்ளார். இவற்றில் வலங்கையினரும் இடங்கையினரும் ஒன்றுகூடி, வரிக்கொடுமை செய்த அதிகாரிகளையும் அவர்களோடு சேர்ந்த பிராமண, வெள்ளாளக் காணியாளரையும் எதிர்த்து உறுதி பூணுகின்றனர். ஓலப்பாளையத்தில் வலங்கையின் தலைமை நிலவுடைமையாளரிடம் இருந்தது. இங்கோ வலங்கையினர் நிலவுடைமையாளருக்கு எதிரே நிற்கின்றனர். பெயர் ஒன்று, அதன் சமூக உள்ளடக்கம் வேறு. இத்தீர்மானங்கள் கொங்குக்கு வெளியே கிடைத்தவை என்பது உண்மை. எனினும் வலங்கை என்னும் சொல்லைக் கண்ட இடமெல்லாம் ஒரே அமைப்பைக் கருத இயலாது என்பதை நிறுவ அவை போதும்.

இரண்டாவது சான்று கொங்குக்கு உரியது. கரூர் பசுபதீசுவரர் கோயிலில் கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டப்பெயரோடு அமைந்த அரசாணை, வெங்கால நாட்டுக் கம்மாளருக்குச் சில உரிமைகளை வழங்குகிறது. நன்மை, தீமை நிகழ்ச்சிகளில் இரட்டைச் சங்கு ஊதுதல், பேரிகை கொட்டுதல், வெளியே செல்லும்போது செருப்பு அணிதல், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசுதல் என்பன அவை. உரிமைகள் ஆணையால் வழங்கப்பட்டன எனில், அதற்குமுன் அவை மறுக்கப்பட்டிருந்தன என்று கொள்வதே பொருத்தம். நிலவுடைமை ஒழுங்கிற்கு வெளியே நின்ற கைவினைஞர் வேறு வழியில் மதிப்பைத் தேடினர் என்னும் பெக்கின் கணிப்புக்கு இது ஓரளவு வலுச்சேர்க்கிறது. ஆனால் இங்கு மதிப்பு வந்த வழி சாத்திரமன்று, அரசு. பெக் நிலையான அமைப்பாகக் காட்டுவது, ஒரு காலத்தில் அரசிடம் கேட்டுப் பெறவேண்டிய உரிமையாக இருந்தது.

அர்ச்சுன் அப்பாதுரை 1974இல் எழுதிய கட்டுரை இப்பாகுபாட்டை வரலாற்று நோக்கில் மீள ஆராய்ந்தது. பர்ட்டன் ஸ்டைன் 1980இல் வெளியிட்ட இடைக்காலத் தென்னிந்தியா பற்றிய நூலில் இதற்கு விரிவான இடமளித்தார். இவ்விவாதங்களை விடுத்துப் பெக்கை மட்டும் மேற்கோள் காட்டுவது, உரையாடலின் ஒரு குரலை மட்டும் கேட்பதாகும்.

ஆய்வு மாணவரின் நிலை

இப்பிழை சோம்பலால் மட்டும் நேர்வதன்று. நூல் துறை நூலகத்தில் கிடைக்கிறது; ஆவணக் காப்பகமோ கோவையிலிருந்து சுமார் 500 கி.மீ. தொலைவில் சென்னை எழும்பூரில் உள்ளது. கல்லூரியில் பணியாற்றும் பகுதிநேர ஆய்வாளர் விடுப்பு நாள்களை எண்ணியே அங்குச் செல்ல இயலும். அங்கும் காங்கயத்தை ஒரே மாவட்டத்தின்கீழ்த் தேட முடியாது. 1979 வரை கோயம்புத்தூர், பின்னர் ஈரோடு, 2009 முதல் திருப்பூர் என அது மாறிவந்துள்ளது. இத்தகைய சூழலில் அச்சிட்ட நூலொன்று ஆவணத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

அதன் விளைவு பெரிது. ஓலப்பாளையத்தின் படிநிலையைத் தொன்மையானதாக எழுதும் ஆய்வேடு, அதில் கீழே வைக்கப்பட்டோர் என்றும் அங்கேயே இருந்தனர் என்று சான்றளித்துவிடுகிறது. முனைவர் பட்டம் பெற்ற அக்கூற்று, அடுத்த ஆய்வேட்டில் மேற்கோளாகிறது. மாதாரியரின் வரலாறு அவ்வாறே எழுதப்படாமல் போகிறது.

முடிவுரை

பெக்கின் நூலை ஒதுக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. 1960களின் கொங்குக்கு அது முதன்மைச் சான்று. இன்று அதுவே ஒரு வரலாற்று ஆவணம். அவர் 1965இல் பதிவுசெய்த அண்ணன்மார் கதையையும் அந்நாளைய நிகழ்த்துதலின் பதிவாகவே முதலில் கருத வேண்டும். முற்காலத்தைப் பற்றி எழுதுவோர் கல்வெட்டு, செப்பேடு, வருவாய் ஆவணம் ஆகியவற்றோடு அந்நூலை ஒப்பிட்டு, பொருந்தும் இடத்தையும் பொருந்தா இடத்தையும் தனித்தனியே குறித்தல் வேண்டும். அதற்குத் தொடக்கமாக, ஒவ்வொரு மேற்கோளுக்கும் அருகில் தரவு திரட்டப்பட்ட ஆண்டை எழுதும் வழக்கத்தை ஆய்வேடுகளில் கொண்டுவரலாம். ‘எந்த ஆண்டு?’ என்னும் வினா நெறியாளர் கேட்பதற்கு முன் மாணவர் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டியது.